யெல்லோஸ்டோன் ஊற்றுகளும் தாமஸ் பிராக்கும்

வெப்பம் நுண்ணுயிரைக் கொல்லும் என்பது லூயி பாஸ்டர் காலத்திலிருந்து நுண்ணுயிரியலின் அடிப்படைப் பாடமாக இருந்துவந்தது. அதனால் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை சூட்டைப் பற்றி இத்துறையில் எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி, பாலை எவ்வளவு நேரம் காய்ச்ச வேண்டும், டப்பாவில் அடைத்த உணவை எந்தச் சூட்டில் பதப்படுத்தினால் கெடாது, அறுவைக் கருவிகளில் கிருமியை எப்படி ஒழிப்பது என்ற கேள்விகளையே சுற்றிவந்தது. வெப்பத்தை விரும்பும் பாக்டீரியாக்களும் உண்டு என்பது தெரியாத செய்தியன்று. ஆனால் அவையும் டப்பா உணவைக் கெடுக்கும் தொல்லைகளாகவே பேசப்பட்டன. அவற்றை வளர்க்க விரும்பிய ஆய்வகங்கள், நுண்ணுயிர் வளர்வதற்கென ஒரே சூட்டில் வைக்கப்படும் வளர்வெப்பப் பெட்டியை ஏறத்தாழ 55 டிகிரி செல்சியஸில் நிறுத்திவிட்டு, அதில் முந்திக்கொண்டு வளர்ந்த பாசில்லஸ் இனங்களையே வெப்பநாட்ட உயிர்களின் மொத்தக் கூட்டமாகக் கருதிக்கொண்டன. இந்தக் கருத்தைத் தகர்த்தவர் தாமஸ் டேல் பிராக் (1926–2021). அமெரிக்காவின் இந்தியானா, விஸ்கான்சின் பல்கலைக்கழகங்களில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்து 1990இல் ஓய்வுபெற்ற இவர், பிசிஆர் சோதனைக்கு வேண்டிய பாக்டீரியாவைக் கண்டெடுத்தவர் என்ற ஒற்றை வரியால் இன்று அறியப்படுகிறார். அந்த வரி பொய்யன்று. ஆனால் அவர் தேடியது அதுவன்று என்பதையும், நுண்ணுயிரை அது வாழும் இடத்துக்கே சென்று பார்ப்பது என்ற ஒரு முறையே அவருடைய பணி முழுவதையும் இணைக்கிறது என்பதையும் அது மறைத்துவிடுகிறது.

பிராக் 1926 செப்டம்பர் 10 அன்று ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் பிறந்தார். மகனுக்கு வேதியியலிலும் மின்சாரத்திலும் ஆர்வமூட்டிய தந்தை, அவருக்கு 15 வயதானபோது இறந்துவிட, குடும்பம் வறுமைக்குள்ளாகி அதே மாநிலத்தின் சில்லிகாத்தி என்னும் சிறுநகரத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கு வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டகைப் பரணில் நண்பர் ஒருவருடன் சேர்ந்து ஒரு சோதனைக்கூடம் அமைத்து, வெடிபொருள்களையும் நச்சு வாயுக்களையும் அவர் ஆராய்ந்தது அந்தக் காலத்துச் சிறுவர்களுக்குக் கிடைத்த சுதந்திரத்தின் அளவைக் காட்டுகிறது. போர்க்காலத்தில் கடற்படையில் சேர்ந்த அவர், போரிலிருந்து திரும்பியவர்களின் கல்விச் செலவை அரசே ஏற்றுக்கொண்ட சட்டத்தின் துணையால் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்து, 1949இல் தாவரவியலில் இளநிலைப் பட்டமும் 1952இல் முனைவர் பட்டமும் பெற்றார். முனைவர் பட்ட ஆய்வு காளான்களைப் பற்றியது. ஆக, பின்னாளில் பாக்டீரியாவியலின் பாடநூல் ஆசிரியராகப் புகழ்பெற்றவர் அத்துறையில் முறையாகப் பயின்றவர் அல்லர். படிப்பு முடிந்ததும் அப்ஜான் மருந்து நிறுவனத்தில் ஐந்தாண்டுகள் நுண்ணுயிர்க்கொல்லி ஆய்வில் கழித்துவிட்டு, 1957இல் கிளீவ்லாந்தின் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்துக்கும், 1960இல் இந்தியானா பல்கலைக்கழகத்துக்கும் ஆசிரியராகச் சென்றார்.

அவர் நுழைந்த காலத்தில் நுண்ணுயிரியல் இரண்டு பெரும் சக்திகளால் இழுக்கப்பட்டுக்கொண்டிருந்தது. ஒன்று மருத்துவம், மற்றொன்று, பாக்டீரியாவைக் கருவியாகக் கொண்டு மரபுப் பொருளின் இயக்கத்தை ஆராய்ந்த மூலக்கூறு உயிரியல். இரண்டுக்கும் பொதுவான அடித்தளம் ராபர்ட் கோக் 1880களில் நிலைநிறுத்திய தூய வளர்ப்பு முறை, அதாவது பல உயிர்கள் கலந்துள்ள ஒரு மாதிரியிலிருந்து ஒரே வகை பாக்டீரியாவை மட்டும் பிரித்தெடுத்து, கட்டியான ஊட்டக் கூழின்மேல் தனியே வளர்த்து ஆராய்தல். நோய்க்கிருமிகளை அடையாளம் காண இதைவிடச் சிறந்த முறை இல்லை. ஆனால் சத்து மிகுந்த கூழில், சீரான சூட்டில், போட்டி ஏதுமின்றி வளரும் பாக்டீரியா, குளத்திலோ மண்ணிலோ தான் நடத்தும் வாழ்க்கையைப் பற்றி ஏறத்தாழ ஒன்றும் சொல்வதில்லை. ரஷ்யாவின் விநோகிராட்ஸ்கியும் நெதர்லாந்தின் பெயரிங்கும் இக்குறையை 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே உணர்ந்து மண்ணிலும் நீரிலும் உள்ள உயிர்களை ஆராய்ந்திருந்தார்கள் என்றாலும், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 1960 அளவில் அந்த மரபு ஓரங்கட்டப்பட்டிருந்தது. பிராக்கும் தொடக்கத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஈஸ்ட் என்று ஆய்வகத்துக்குள் பணியாற்றியவரே; அவர் வெளியே வந்தது கடல்வழியாக.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான ஃபிரைடே ஹார்பர் கடல் ஆய்வு நிலையத்தில், கடற்பாசிகளின்மேல் இழை இழையாக ஒட்டி வளரும் லியூக்கோத்ரிக்ஸ் என்னும் பாக்டீரியாவை, வளர்ப்புக் குடுவைக்குக் கொண்டுவராமல், அது ஒட்டியிருந்த பாசியிலேயே நுண்ணோக்கியில் பார்த்து அதன் வளர்ச்சியை அளக்க அவர் முற்பட்டார். அங்கு செல்லும் நெடும்பயணத்தின்போது, 1964 ஜூலையில், யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவை ஒரு சாதாரணச் சுற்றுலாப் பயணியாகப் பார்க்க நேர்ந்தது. ஊற்றுகளிலிருந்து வழிந்தோடும் நீர்க்கால்களில் படிந்திருந்த பச்சை, மஞ்சள், ஆரஞ்சு நிறங்கள் கனிமப் படிவுகள் அல்ல, உயிருள்ள படலங்கள் என்பதும், அவ்வளவு உயிர்ப்பொருளை நுண்ணுயிரியலாளர்கள் எவரும் தொடர்ச்சியாக ஆராயவில்லை என்பதும் அவரை வியப்பில் ஆழ்த்தின.

வயோமிங் மாநிலத்தில் பெரும்பகுதி அமைந்துள்ள யெல்லோஸ்டோன், 1872இல் அறிவிக்கப்பட்ட, உலகின் முதல் தேசியப் பூங்காவாகக் கருதப்படுவது. நிலத்தடியில் உருகிய பாறையின் வெப்பத்தால் பொங்கும் ஊற்றுகளும், நீரைப் பீறிட்டு அடிக்கும் கெய்சர்களும், சேற்றுக் குழிகளும், ஆவித் துளைகளுமாக அங்கு 10,000க்கு மேற்பட்ட வெப்ப அமைப்புகள் உள்ளன. கடல்மட்டத்திலிருந்து இரண்டாயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருப்பதால் அங்கு நீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். ஒரு சூழலியலாளருக்கு இந்த இடம் தரும் வசதி சிறிய வசதியன்று. ஊற்றுவாயில் கொதிக்கும் நீர் கால்வழியே ஓடும்போது படிப்படியாக ஆறுகிறது. வாயிலிருந்து இத்தனை மீட்டர் தொலைவில் இத்தனை டிகிரி என்ற ஒழுங்கு ஆண்டுக்கணக்கில் பெரிதும் மாறாமல் இருப்பதால், எந்தச் சூட்டில் எந்த உயிர் தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதை வெப்பமானியும் கையுமாகக் கரையோரம் நடந்தே குறித்துக்கொள்ளலாம். கலிஃபோர்னியாவின் தாவரவியலாளர் செட்செல் 1903லேயே இவ்வாறு அளந்து, நிறமற்ற பாக்டீரியாக்களை 89 டிகிரிவரை கண்டதாக அறிவித்திருந்தார். ஆயினும் அந்தக் கட்டுரை அறுபது ஆண்டுகள் பெரும்பாலும் வாசிப்பாரற்றுக் கிடந்தது; வளர்வெப்பப் பெட்டி காட்டாத ஒன்றை நம்புவதற்கு ஆய்வகங்கள் தயாராக இல்லை என்பதே அதற்கு முதற்காரணமாக இருந்திருக்க வேண்டும்.

1965 கோடையில் பிராக் முறையான ஆய்வைத் தொடங்கினார். முதல் கேள்வி ஒளிச்சேர்க்கையைப் பற்றியது: கதிரொளியைக் கொண்டு உணவு தயாரிக்கும் உயிர்கள் எந்தச் சூடுவரை வாழும்? முன்பு நீலப்பசும்பாசி எனப்பட்டு இப்போது சயனோபாக்டீரியா என்று வகைப்படுத்தப்படும் உயிர்களின் பச்சைப் படலம் 73 டிகிரி அளவில் கோடு கிழித்ததுபோல் நின்றுவிடுவதை அவர் கண்டார். அதற்கு மேலான சூட்டில் நிறமே இருக்கலாகாது. ஆனால் பூங்காவின் கீழ் கெய்சர் சமவெளியில் உள்ள ஆக்டோபஸ் ஊற்றின் வடிகாலில், 80 டிகிரிக்கு மேல் சூடான நீரில், இளஞ்சிவப்பு இழைக்கொத்துகள் நீரோட்டத்தில் அசைந்தாடின. அவற்றைப் பிரித்தெடுத்துச் சோதித்தபோது புரதம் இருப்பது உறுதியானது, எனவே அவை உயிர். இந்த இழைகளைத் தூய வளர்ப்பாக்க அவரும் மாணவர்களும் செய்த முயற்சிகள் எதுவும் பலிக்கவில்லை. தெர்மோகிரைனிஸ் ரூபர் என்ற பெயரில் அவ்வுயிர் வளர்ப்பாகி வெளிவந்தது 1998இல், ஜெர்மானிய ஆய்வாளர்களின் கையில். வளர்க்க முடியாததால் அது இல்லை என்றாகிவிடாது என்ற நிலைப்பாட்டை பிராக் எடுத்தது இங்குதான். 1967இல் சயன்ஸ் இதழில் அவர் வெளியிட்ட கட்டுரை, உயர்வெப்பத்தில் உயிர் வாழ்வது அரிய விதிவிலக்கன்று, ஒரு முழுச் சூழலமைப்பு அங்கு இயங்குகிறது என்ற கருத்தை நுண்ணுயிரியலாளர்கள் அல்லாதவரிடமும் கொண்டுசேர்த்தது.

இளஞ்சிவப்பு இழையைத் தேடிய வலையில் வேறொன்று சிக்கியது. 1966இல், இந்தியானா பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்ட மாணவராக இருந்த ஹட்சன் ஃப்ரீஸ் பிராக்குடன் பணியாற்ற, மஷ்ரூம் ஊற்று என்னும் இடத்தில் எடுத்த மாதிரியிலிருந்து, 70 டிகிரியில் செழித்து வளரும் மஞ்சள் நிற பாக்டீரியா ஒன்று பிரித்தெடுக்கப்பட்டது. இதில் அவர்கள் செய்த மாற்றங்கள் பார்வைக்கு அற்பமானவை. முதலாவதாக, எல்லோரும் வைத்த 55 டிகிரிக்குப் பதில் பெட்டியை 70 முதல் 75 டிகிரிவரை உயர்த்தினார்கள். அந்தச் சூட்டில், வழக்கமாக எல்லாவற்றையும் முந்திக்கொள்ளும் பாசில்லஸ் இனங்கள் பின்தங்கிவிட, அவற்றின் நிழலில் மறைந்துகிடந்த உயிருக்கு இடம் கிடைத்தது. இரண்டாவதாக, ஊற்றுநீரில் கரிமச் சத்து மிகக் குறைவு என்பதை நினைவிற்கொண்டு, ஊட்டப்பொருளை வழக்கமான அளவில் ஒரு சிறு பங்காக, 0.1 விழுக்காடாகக் குறைத்தார்கள். சத்து கூடினால் இந்த பாக்டீரியா வளர மறுத்தது. ஆய்வகத்தின் பழக்கத்தை ஒதுக்கிவிட்டு ஊற்றின் நிலைமையைப் பெட்டிக்குள் கொண்டுவந்ததே வெற்றிக்குக் காரணம் என்பதால், இது தற்செயலாகக் கிடைத்த பரிசு என்று எழுதுவோரின் கூற்றை அப்படியே ஏற்பதற்கில்லை. 1969இல் பாக்டீரியாலஜி ஆய்விதழில் இருவரும் வெளியிட்ட கட்டுரை அதற்கு தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்று பெயரிட்டது. ஆய்வாளர் எவரும் கேட்டுப் பெறத்தக்க வகையில், நுண்ணுயிர் வகைகளைக் காத்து வழங்கும் பொது நிறுவனமான அமெரிக்கன் டைப் கல்ச்சர் கலெக்ஷனில் அதன் வளர்ப்பு ஒப்படைக்கப்பட்டது.

அந்த உயிர் யெல்லோஸ்டோனுக்கு மட்டும் உரியதாகவும் இல்லை. பல்கலைக்கழகக் கட்டடங்களின் வெந்நீர்க் குழாய்களிலும், வீடுகளிலும் சலவையகங்களிலும் இருந்த வெந்நீர்க் கொதிகலன்களிலும் தெர்மஸ் வகை பாக்டீரியாக்கள் வாழ்வதை பிராக்கின் குழு காட்டியது. மக்கள் நாள்தோறும் திறந்துமூடிய குழாயில் இருந்த ஒன்றைக் காண ஒருவர் ராக்கி மலைகளுக்குச் சென்றுவர வேண்டியிருந்திருக்கிறது.

இதற்கு மேலும் ஏற முடியுமா என்ற கேள்விக்கு பிராக் தேர்ந்த வழி மிக எளியது. நுண்ணோக்கியில் வைக்கும் சாதாரணக் கண்ணாடித் தகடுகளை நூலில் கட்டிக் கொதிக்கும் ஊற்றுக்குள் தொங்கவிட்டு, சில நாள்கள் கழித்து எடுத்துப் பார்த்தார்கள். தகட்டின்மேல் பாக்டீரியாக்கள் அடர்ந்து ஒட்டியிருந்தன. அவை வேறெங்கோ வளர்ந்து வந்து ஒட்டிக்கொண்டவையாக இருக்கலாமே என்ற ஐயத்துக்கு விடை காண, தாமஸ் பாட் என்னும் ஆய்வாளருடன் சேர்ந்து வளர்ச்சி வேகத்தை அளந்து, 90 டிகிரிக்கு மேலான நீரிலேயே அவை பெருகுகின்றன என்று 1969இல் நிறுவினார். நீர் திரவமாக இருக்கும்வரை அதில் உயிர் இருக்க இடமுண்டு என்ற முடிவுக்கு இந்தத் தகடுகள் அவரைக் கொண்டுசென்றன. யெல்லோஸ்டோனின் உயரத்தில் 93 டிகிரியோடு நீரின் கொதிநிலை முடிந்துவிடுவதால், அங்கே உயிரின் உச்ச வரம்பைக் காண வழியில்லை. அழுத்தத்தால் நீர் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கும் ஆழ்கடல் ஊற்றுகளில் பின்னர் கார்ல் ஸ்டெட்டரும் மற்றவர்களும் தேடியபோது, 113 டிகிரியிலும் 122 டிகிரியிலும்கூடப் பெருகும் உயிர்கள் கிடைத்தன.

சூட்டோடு அமிலமும் சேர்ந்த இடங்கள் அடுத்த களம். யெல்லோஸ்டோனின் சில ஊற்றுகள், கந்தகம் ஆக்சிஜனோடு சேர்ந்து கந்தக அமிலமாவதால், தோலை அரிக்கும் அளவுக்குப் புளித்தவை. அவற்றிலிருந்து, கந்தகத்தை உண்டு வாழும் ஓர் உருண்டை வடிவ உயிரை பிராக்கின் குழு பிரித்தெடுத்து 1972இல் சல்ஃபோலோபஸ் என்று பெயரிட்டது. அதற்கு இரண்டாண்டுகள் முன்பு, இந்தியானாவில் தாமாகவே சூடேறிப் புகைந்துகொண்டிருந்த நிலக்கரிக் கழிவுக் குவியல்களில், உயிரணுச் சுவரே இல்லாமல் அமிலத்திலும் சூட்டிலும் வாழும் தெர்மோபிளாஸ்மா கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. சுவரின்மை, சுவர் இருந்தாலும் வழக்கமான பாக்டீரியாச் சுவரின் வேதிப்பொருள் இன்மை, விசித்திரமான கொழுப்புகள் ஆகிய புதிர்களை பிராக் பதிவுசெய்தாரே தவிர அவற்றை ஒரே இழையில் கோத்துப் பார்க்கவில்லை. இலினாய் பல்கலைக்கழகத்தின் கார்ல் வோஸ், ரைபோசோம் என்னும் புரதத் தயாரிப்பு அமைப்பில் உள்ள ஆர்.என்.ஏ.வை ஒப்பிட்டு, உயிர்களின் மூன்றாவது பெரும்பிரிவு ஒன்று உண்டு என்று 1977இல் அறிவித்தபோது, விரைவில் அப்பிரிவில் சேர்க்கப்பட்ட முதல் உயிர்களுள் சல்ஃபோலோபஸும் தெர்மோபிளாஸ்மாவும் இருந்தன. ஆர்க்கியா என இன்று வழங்கும் அந்தப் பிரிவின் உறுப்பினர்களைக் கையில் வைத்திருந்தும் அவை ஒரு தனிக்குலம் என்று காணாமல் போனது பிராக்கின் முறைக்கு இருந்த எல்லையைக் காட்டுகிறது: வாழிடத்தைப் பார்க்கும் கண், மரபுவழியைப் பார்க்கும் கண் ஆகிவிடாது.

மேற்கு யெல்லோஸ்டோன் சிற்றூரில் கோடைகால ஆய்வுக்கூடம் வைத்து ஏறத்தாழ பத்தாண்டுகள் நடந்த இப்பணி 1970களின் நடுவில் முடிவுற்றது. அதன் தொகுப்பு 1978இல் நூலாக வந்தது. இடையில், 1971இல், பிராக் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மேடிசன் வளாகத்துக்கு மாறி, பாக்டீரியாவியலாளரும் அப்பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவருமான ஈ. பி. ஃபிரெட் பெயரிலான பேராசிரியர் பதவியை ஏற்றிருந்தார். பின்னர் துறைத்தலைவராகவும் இருந்தார். வளாகத்தை ஒட்டியே கிடக்கும் மெண்டோட்டா ஏரி அவருடைய அடுத்த களமானது. வயல்களிலிருந்தும் நகரக் கழிவிலிருந்தும் வந்துசேரும் பாஸ்பரஸ் முதலிய சத்துகளால் கோடையில் சயனோபாக்டீரியாக்கள் மண்டிப் பச்சைக் குழம்பாகும் அந்த ஏரியைப் பற்றி அவர் 1985இல் எழுதிய நூல் ஏரியியலாளர்களுக்குப் பயனுள்ளது என்றாலும், ஊற்றுகளில் இருந்த திருப்பங்கள் அதில் இல்லை.

தெர்மஸ் அக்வாட்டிகஸ் இதற்குள் வேறு கைகளுக்குச் சென்றிருந்தது. அதன் நொதிகள், அதாவது உயிரணுவுக்குள் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதங்கள், கொதிநிலையை ஒட்டிய சூட்டிலும் குலையாமல் இயங்குகின்றன என்பதை ஃப்ரீஸும் பிராக்கும் ஆல்டோலேஸ் என்ற நொதியைக் கொண்டு 1970லேயே காட்டியிருந்தார்கள். 1976இல் சின்சினாட்டி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே பாக்டீரியாவிலிருந்து டி.என்.ஏ. பாலிமரேஸை, அதாவது டி.என்.ஏ. இழைக்கு நகல் எழுதும் நொதியைப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு அப்போது பெரிய பயன் எதுவும் தென்படவில்லை. 1983இல் கலிஃபோர்னியாவின் சீட்டஸ் நிறுவனத்தில் கேரி முல்லிஸ் பாலிமரேஸ் தொடர்வினை, சுருக்கமாக பிசிஆர், என்ற முறையை வகுத்தார். டி.என்.ஏ.வை 95 டிகிரி அளவுக்குச் சூடாக்கினால் அதன் ஈரிழைகள் பிரியும். ஆறவிட்டு நொதியைச் சேர்த்தால் ஒவ்வோர் இழையும் இரட்டிக்கும். இதையே முப்பது முறை திரும்பச் செய்தால் ஒரு துண்டு நூறு கோடிக்கு மேலாகும். ஆனால் முதலில் பயன்படுத்திய எஷெரிசியா கோலி பாக்டீரியாவின் நொதி ஒவ்வொரு சூடாக்கலிலும் வெந்து செத்ததால், சுற்றுக்குச் சுற்று புதிதாக ஊற்ற வேண்டியிருந்தது. பொதுச் சேகரிப்பிலிருந்து சிறு கட்டணத்தில் தெர்மஸ் வளர்ப்பை வாங்கி, அதன் நொதியைச் சீட்டஸ் ஆய்வாளர்கள் புகுத்திய பிறகே இம்முறை இயந்திரத்தால் தானே நடக்கும் தொழில்நுட்பமாயிற்று. டாக் பாலிமரேஸ் எனப்படும் அந்த நொதியை 1989இல் சயன்ஸ் இதழ் ஆண்டின் மூலக்கூறாகத் தேர்ந்தது. 1991இல் பிசிஆர் உரிமைகளை ஹாஃப்மன் லா ரோஷ் நிறுவனம் 30 கோடி டாலருக்கு வாங்கியது. 1993இல் முல்லிஸ் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். தடய அறிவியல், மரபுநோய்ச் சோதனை, 2020இல் தமிழ்நாட்டின் மாவட்டத் தலைநகரங்கள் வரை பரவிய கொரோனா ஆர்டி-பிசிஆர் சோதனை ஆகியவற்றுக்கெல்லாம் வழி திறந்தது இதுதான்.

பிராக்குக்கு இதில் பணம் எதுவும் வரவில்லை, யெல்லோஸ்டோனுக்கும் வரவில்லை. வளர்ப்பைப் பொது ஆய்வுக்கெனக் கொடுத்ததில் தமக்குக் குறையில்லை என்று அவர் வெளிப்படையாகவே கூறினார். பூங்கா நிர்வாகம் அவ்வளவு எளிதில் அமைதியடையவில்லை. பூங்காவின் 125ஆம் ஆண்டான 1997இல், அதன் நுண்ணுயிர்களிலிருந்து உருவாகும் பொருள்களின் வருவாயில் பங்கு கேட்டு டைவர்சா என்ற நிறுவனத்தோடு அது ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. பொதுமக்களைக் கேட்காமல் பொதுச்சொத்தை விற்பது என்று கண்டித்த அமைப்புகள் 1998இல் வழக்குத் தொடர்ந்தன. சுற்றுச்சூழல் ஆய்வின்றி ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தலாகாது என்று 1999இல் நீதிமன்றம் நிறுத்திவைத்தாலும், அடுத்த ஆண்டு அந்த ஏற்பாடு சட்டத்துக்கு முரணன்று என்று தீர்ப்பளித்து வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஓரிடத்தின் உயிர்வளத்தால் விளையும் ஆதாயத்தில் அவ்விடத்துக்கும் மக்களுக்கும் பங்கு உண்டு என்ற 1992ஆம் ஆண்டின் பன்னாட்டு உயிரியற் பன்மை உடன்படிக்கையையும், அதன் வழியில் இந்தியா 2002இல் இயற்றிய சட்டத்தையும் அமெரிக்காவின் இந்த உள்நாட்டுப் பூசலோடு சேர்த்து வாசிக்கலாம். அமெரிக்கா அந்த உடன்படிக்கையை இன்றுவரை உறுதிசெய்யவில்லை. பிராக்கின் பெருந்தன்மை போற்றத்தக்கதே, எனினும் அதைக் கொள்கையாக்க முடியாது: அவர் இலவசமாக வைத்ததை வேறொருவர் காப்புரிமையால் பூட்டிவைப்பதை அது தடுக்கவில்லை.

அவருடைய ஆய்வுகளைவிட அதிகமானோரைச் சென்றடைந்தவை அவர் எழுதிய நூல்கள். 1961இல், பாஸ்டர், கோக் முதலியோரின் மூலக் கட்டுரைகளை, பிற ஐரோப்பிய மொழிகளில் இருந்தவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்து, விளக்கக் குறிப்புகளுடன் தொகுத்தார். 1966இல் நுண்ணுயிர்ச் சூழலியலுக்கென ஒரு நூல் எழுதினார். 1970இல் தனியொருவராக எழுதி வெளியிட்ட நுண்ணுயிர்களின் உயிரியல் என்னும் பாடநூல், நோயையும் மருந்தையும் மையமாக வைத்திருந்த அன்றைய பாடநூல்களிலிருந்து விலகி, நுண்ணுயிரைத் தனக்கென வரலாறும் வாழிடமும் கொண்ட உயிராகக் காட்டியது. அவருடைய மாணவரான மைக்கேல் மாடிகன் முதலியோர் பிற்பதிப்புகளை ஏற்று நடத்த, இன்று அது பிராக் என்ற பெயரைத் தலைப்பிலேயே சுமந்து, தமிழ்நாட்டுக் கல்லூரிகள் உட்பட உலகெங்கும் மாணவர் கையில் புழங்குகிறது. ஓய்வை ஒட்டிய ஆண்டுகளில் அவர் வரலாற்றாசிரியராகவும் ஆனார்: ராபர்ட் கோக்கின் வாழ்க்கை வரலாறு 1988இலும், பாக்டீரியா மரபியல் தோன்றிய கதை 1990இலும் வந்தன. தூய வளர்ப்பு முறையின் போதாமையை வாழ்நாள் முழுவதும் சுட்டியவர், அம்முறையை வகுத்தவரின் வாழ்க்கையைப் பொறுமையாக ஆவணங்களிலிருந்து திரட்டி எழுதியிருப்பது எளிதில் கிட்டாத நடுநிலை. கோக்கின் பிடிவாதங்களையும், காசநோய்க்கு மருந்தென்று அவர் அவசரமாக அறிவித்துத் தோற்ற டியூபர்குலினையும் அந்நூல் மறைக்கவில்லை. மனைவி கேத்தியுடன் சேர்ந்து ஒரு சிறு பதிப்பகத்தையும் அவர் நடத்தினார்.

1990இல் ஓய்வுபெற்ற பிறகு அவருடைய நேரத்தைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது நுண்ணுயிர் அன்று, நிலம். மேடிசனுக்கு மேற்கே, டேன் மாவட்டத்தின் பிளாக் எர்த் ஊருக்கு அருகில் அவரும் கேத்தியும் வாங்கியிருந்த 140 ஏக்கர் குன்றுநிலம், ஒரு காலத்தில் ஓக் சவன்னாவாக இருந்தது. ஓக் சவன்னா என்பது பரந்த கிளைகளைக் கொண்ட ஓக் மரங்கள் தள்ளித் தள்ளி நிற்க, இடையில் கதிரொளி தரைவரை விழுவதால் புல்லும் பூச்செடிகளும் செழிக்கும் நிலவகை. செவ்விந்தியப் பழங்குடியினர் காலங்காலமாக இட்ட தீயே அதைத் திறந்தவெளியாக வைத்திருந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் குடியேறித் தீயை நிறுத்தியதும், உழாமல் விட்ட பகுதிகளைப் புதரும் அடர்மரமும் மூடிக்கொள்ள, விஸ்கான்சினில் பல லட்சம் ஏக்கராகப் பரந்திருந்த சவன்னாவில் மிகச் சிறு துணுக்குகளே எஞ்சின. சிதைந்த நிலத்தை மீட்டெடுக்கும் மரபு அம்மாநிலத்துக்குப் புதியதன்று: 1930களில் மேடிசன் பல்கலைக்கழகத் தாவரத் தோட்டத்தில் புல்வெளி மீட்பு தொடங்கியது, சூழல் சிந்தனையாளர் ஆல்டோ லியோபோல்டும் அதே காலத்தில் அருகிலிருந்த தம் பண்ணையில் மரம் நட்டார்.

பிராக் தம்பதியர் இந்தப் பணியை 1990களின் நடுவில் முறையாகத் தொடங்கினார்கள். செங்குத்தான தென்சரிவுகளில் தப்பிப்பிழைத்திருந்த புல்வெளித் துண்டுகளைச் சுற்றி அந்நியப் புதர்களை வெட்டி, வேர் மீண்டும் துளிர்க்காமல் மருந்திட்டு, உள்ளூர்ச் செடிகளின் விதையைக் கையால் சேகரித்துத் தூவி, காற்றின் திசையும் ஈரப்பதமும் ஒத்துவரும் நாளில் தீவைத்து எரித்தார்கள். இங்கும் அவருடைய பழைய வழக்கம் மாறவில்லை: எந்தச் சரிவில் எந்த ஆண்டு தீ ஓடியது, அதன்பின் எந்தச் செடி எங்கே வந்தது, எது வரவில்லை என்பவற்றையெல்லாம் குறித்துவைத்து, தம்மைப் போல் நிலம் மீட்க முனைவோருக்காக எழுதி வெளியிட்டார். நூல்வழியாகப் பரிந்துரைக்கப்பட்ட முறைகளுள் தம் நிலத்தில் பலிக்காதவற்றையும் அவர் சேர்த்தே எழுதியதால், அக்குறிப்புகள் கையேடுகளைவிட நம்பகமானவை. மரநெரிசலைக் குறைத்ததும், பட்டமரங்கள் உள்ள திறந்த ஓக் தோப்பைத் தேடும் செந்தலை மரங்கொத்திகள் அங்கே கூடுகட்டத் தொடங்கின.

பிளசன்ட் வேலி கன்சர்வன்சி என்று பெயரிடப்பட்ட அந்த நிலத்தை விஸ்கான்சின் அரசு 2008இல் மாநில இயற்கைப் பகுதியாக அறிவித்தது. பயன் எதிர்பாராத அடிப்படை ஆய்வு பின்னாளில் பெரும் பயன் தந்ததற்காக வழங்கப்படும் கோல்டன் கூஸ் விருது, 2013இல் பிராக்குக்கும், அதற்குள் தாமே ஒரு பேராசிரியராகிவிட்டிருந்த ஹட்சன் ஃப்ரீஸுக்கும் கிடைத்தது. பிராக் 2021 ஏப்ரல் 4 அன்று 94ஆம் வயதில் இறந்தார். சவன்னாவைத் தீயின்றி விட்டால் சில ஆண்டுகளிலேயே புதர் திரும்பிவிடும் என்பதால், அந்தக் குன்றுகளுக்குத் தீயிடும் வேலை அவருக்குப் பின்னும் பருவந்தோறும் வேண்டியிருக்கிறது.